மனநிலை: கடுமை

மார்ச் 4, செவ்வாய்

நெற்றியில் தையல் பிரித்தார்கள். ஆறு தையல். "வலிக்குதா?" என்றார் நர்ஸ். "வலிக்குதுன்னு சொன்னா நிறுத்தப் போறீங்களா?" என்றேன். சிரித்துவிட்டார்.

தலைவலி போய் ஒரு வாரமாகிறது. கிரேன் கேபினுக்குப் போகும் கடைசி ஏணியில் பன்னிரண்டு வருஷமாக ஏறி இறங்குகிறேன். ஒரே ஒரு நாள் கால் வழுக்கியது, தலை கம்பியில் மோதியது. இரண்டு நாள் ஆஸ்பத்திரி, பத்து நாள் வீடு. போதும். வீட்டில் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

டாக்டரம்மா ஆபீசுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். உறை ஒட்டியிருந்தது. அடுத்தவர் பெயருக்கு ஒட்டியதைப் பிரிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

மார்ச் 5, புதன்

துறைமுக ஆபீசில் கடிதத்தைக் கொடுத்தேன். புதிதாக வந்திருக்கும் எழுத்தர் பிரித்துப் படித்தார். முப்பது வயது இருக்கும், எதற்கும் குரல் உயர்த்தாத ஆள். படித்ததும் முகம் வாடிவிட்டது.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க."

பன்னிரண்டு வருஷத்தில் அந்த ஆபீசில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நாளைக்கு டூட்டிக்கு வரலாமா தம்பி?"

"சொல்லி அனுப்புறோம்க்கா. தண்ணி குடிக்கிறீங்களா?"

மார்ச் 6, வியாழன்

சொல்லி அனுப்பவில்லை.

மார்ச் 7, வெள்ளி

சூப்பர்வைசரே போன் செய்தார். திங்கட்கிழமை வரலாமாம், ஆனால் கிரேனுக்கு இல்லை. கேட் பக்கத்து அறையில், உள்ளே வருகிறவர்களுக்கு ஹெல்மெட் எடுத்துக் கொடுக்கும் வேலை.

"எதுக்கு சார்?"

"மெடிக்கல் ரிப்போர்ட்மா."

"ரிப்போர்ட்ல என்ன இருக்கு?"

"அதெல்லாம் போன்ல பேசற விஷயமில்ல. கொஞ்ச நாள் கீழயே இருங்க. உங்க நல்லதுக்குத்தான்."

என் நல்லதுக்கு என்று யார் ஆரம்பித்தாலும் எனக்கு ஏதோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

இன்று நாற்பத்தோரு பேருக்கு ஹெல்மெட் கொடுத்தேன். அறை ஜன்னலிலிருந்து என் கிரேன் தெரிகிறது. மூன்றாம் நம்பர். யாரோ ஓட்டுகிறான். பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்து, லாரியின் மேல் நிறுத்தி, இரண்டு தடவை ஆடவிட்டு, மூன்றாவது தடவைதான் இறக்குகிறான். எனக்குக் கை துறுதுறுவென்று இருந்தது. பன்னிரண்டாயிரம் கிலோ பெட்டியை முட்டை வைப்பது போல வைக்கலாம். ஆட்டம் நிற்கும் வரை காத்திருக்கக் கூடாது, ஆட்டத்தோடு கூடவே போக வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தால் புரியாது.

சாப்பாட்டு நேரத்தில் விசில் வந்தான். கிரேனுக்குக் கீழே நின்று வாக்கி-டாக்கியில் எனக்குச் சைகை சொல்லும் ஆள் அவன். எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே திரிவதால் இந்தப் பேர். இன்று சீட்டியடிக்கவில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் ஒரு மாதிரி பேசிக்கிறாங்க."

"எந்த மாதிரி?"

விரலை நெற்றிப்பொட்டில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு, தானே வெட்கப்பட்டுக் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

மார்ச் 11, செவ்வாய்

ஆபீசுக்குப் போய் என் கோப்பைப் பார்க்க வேண்டும் என்றேன். எழுத்தர் தயங்கினார். "என் பேர்ல இருக்கற கோப்பு. நான் பார்க்கலாம்னு விதி இருக்கு. அந்தச் சுவத்துல நீங்கதான் ஒட்டியிருக்கீங்க" என்று காட்டினேன். எடுத்துக் கொடுத்தார்.

டாக்டரம்மாவின் கடிதத்தைப் பார்த்து எழுத்தர் தன் கையால் தமிழில் நிரப்பிய படிவம். அப்படியே எழுதிவைக்கிறேன், நாளைக்கு மறந்துபோனதாக யாரும் சொல்லக் கூடாது:

பார்வை: சரி. செவி: சரி. உடல் சமநிலை: சரி. மனநிலை: கடுமை. உயரத்தில் பணி: கூடாது.

அதற்குக் கீழே இன்னொரு வரி.

'கணவரிடம் தொலைபேசியில் விசாரித்ததில், வீட்டிலும் அடிக்கடி கோபப்படுவதாக உறுதி செய்தார்.'

இவரா? இவரேவா?

அதே நாள், மாலை

இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டேன். லேபில் குடுவைகள் கழுவி அடுக்குகிற மனுஷன், ஒரு குடுவையைக்கூட உடைத்ததில்லை. என்னை உடைத்துவிட்டாரே.

"ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணாங்க. வீட்ல எப்படி இருக்காங்க, கோவம் வருதான்னு கேட்டாங்க. வருதுன்னேன். பொய்யா சொன்னேன்?"

"கல்யாணமான நாள்லேர்ந்து வருது! அன்னைக்கும் எனக்குத் தலையில அடிபட்டிருந்துச்சா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "ஆஸ்பத்திரில உன்னை அந்த மாதிரி பார்த்ததுக்கு அப்புறம், இனிமே நீ மேல ஏறவே வேண்டாம்னு தோணிச்சு. நான் சொன்னா நீ கேக்க மாட்ட. ஆபீஸ்லயே மேல வேண்டாம்னு சொன்னாங்க, சரி, அப்படியே நடக்கட்டும்னு விட்டுட்டேன்."

"பயம் உங்களுக்கு. பூட்டு எனக்கா?"

இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மனுஷர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கலாம்.

மார்ச் 12, புதன்

இவரோடு பேசவில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்றும்.

மார்ச் 14, வெள்ளி

கடிதத்தின் நகலைக் கேட்டேன். எழுத்தர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். இங்கிலீஷில் நாலே வரி. எனக்குக் கூட்டிப் படிக்கத் தெரியும், அர்த்தம் பாதிதான் பிடிபடும். விசிலும் நானுமாகச் சேர்ந்து படித்தோம். காயம் ஆறிவிட்டது, தலைவலி இல்லை, பார்வை, செவி, சமநிலை சரி, பணி பற்றி நிறுவனம் முடிவு செய்யலாம். நடுவில் இரண்டே சொல்: 'மென்டலி அக்யூட்.'

"மென்டல்னு போட்டிருக்காங்கக்கா" என்றான் விசில், கலவரமாக.

"லி இருக்குடா அதுல. லி-யை விட்டுட்டுப் படிக்காத."

ஆனால் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே ஏதாவது இருக்குமோ? அடிபட்டவளுக்குத் தான் அடிபட்டது தெரியுமா? இந்தக் கேள்வியை எனக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டார்களே, அதற்காகவே அவர்களைச் சும்மா விடக் கூடாது.

மார்ச் 15, சனி

நூலகத்துக்குப் போனேன். பெரிய அகராதி மேஜையோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. நின்றுகொண்டே பார்த்தேன்.

அக்யூட். முதல் அர்த்தம்: கூர்மையான. இரண்டாவது: நுட்பமான அறிவுள்ள. மூன்றாவது: நோய், வலி முதலியன கடுமையான. நாலாவது: குறுங்கோணம்.

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை வாய்விட்டே படித்துவிட்டேன் போல, பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஒரே சொல். ஒரு பக்கம் பார்த்தால் புத்திசாலி, இன்னொரு பக்கம் பார்த்தால் நோயாளி. எழுத்தர் மூன்றாவது அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, நாலாவதைப் பிடிக்கவில்லை. மனநிலை: குறுங்கோணம்! நினைத்து நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். போகட்டும். இப்போது எனக்கு யார் என்ன நினைத்தாலும் கவலையில்லை.

மார்ச் 17, திங்கள்

அகராதிப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன். படித்தார். மனுஷர் முட்டாள் இல்லை.

"சரிம்மா, ரெண்டு அர்த்தமும் இருக்கு. டாக்டர் எதை நினைச்சு எழுதினாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"அவங்களையே கேக்கலாமே சார்? ஒரு போன்."

"எங்க வேலை கடிதத்தைப் பார்க்கறது. டாக்டரைத் தேடறது இல்ல."

"என் வீட்டுக்காரருக்கு மட்டும் போன் போட்டீங்களே, அது யார் வேலை?"

குரல் உயர்ந்துவிட்டது. உடனே அவர் முகத்தில் ஒரு பொறுமை வந்தது. ஐயோ, அந்தப் பொறுமை! காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி. "பாத்தீங்களா, இதைத்தாம்மா சொல்றேன்" என்றார் மெல்ல.

என்ன நியாயம் இது? கோபப்பட்டால், பார், நோய். கோபப்படாவிட்டால், பார், ஓய்வு நன்றாக வேலை செய்கிறது. எந்தப் பக்கம் போனாலும் வாசலில் ஆள் நிற்கிறான்.

இருபத்தாறு ஆண்கள் கிரேன் ஓட்டுகிறார்கள். தினமும் ஒருத்தன் வாக்கி-டாக்கியில் கத்துகிறான், ஒருத்தன் ஹெல்மெட்டைத் தரையில் எறிகிறான். போன வருஷம் ஒருத்தன் சூப்பர்வைசரின் நாற்காலியையே உதைத்தான். 'டென்ஷன்' என்று சொல்லி விட்டுவிட்டார்கள், கோப்பில்கூட ஏறவில்லை. எனக்குத்தான் மனநிலை.

நான் விடப் போவதில்லை. எழுதிவைக்கிறேன்: விடப் போவதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா இல்லை. மாதத் தொடக்கத்திலேயே வேலையை விட்டு வேறு எங்கோ போய்விட்டாராம். எங்கே என்று கேட்டால், "தெரியாது, அடுத்தவங்க வாங்க."

தையல் பிரித்த நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நிறுத்தப் போறீங்களான்னு கேட்டவங்கதானே?" ஒரு துண்டுச் சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தார். ஊரின் அந்தக் கோடி. இரண்டு பஸ்.

மார்ச் 20, வியாழன்

லீவு போட்டுப் போனேன். மாடிப்படிக்குக் கீழே சின்ன கிளினிக். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், எனக்கு மகள் இருந்தால். கடிதத்தைக் காட்டியதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சிட்டே வாங்கன்னு கேட்டேன், ஞாபகம் இருக்கா? நான் மனசுக்குள்ள சரிபார்க்கறதுக்கு முன்னாடி நீங்க ரெண்டுல வந்து நின்னீங்க. அப்புறம் என் சுவர் காலண்டர்ல போன மாசத் தாள் கிழிக்கவே இல்லன்னு சொன்னீங்க. அதனாலதான் அந்த வார்த்தையை எழுதினேன். பாராட்டா எழுதினேன்."

"பாராட்டு என்னை ஹெல்மெட் எடுத்துக் கொடுக்க வெச்சிருக்கு டாக்டர்."

அவர் வருத்தப்பட்டார். நிஜமாகவே. உடனே புதுத் தாள் எடுத்தார். "கவலைப்படாதீங்க. நார்மல்னு எழுதித் தந்துடறேன். யாருக்கும் சந்தேகம் வராது. ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

பேனா தாளைத் தொட்டுவிட்டது. நான் சரி என்று சொல்லியிருந்தால் நாளைக்கே மேலே ஏறியிருக்கலாம்.

"வேண்டாம் டாக்டர்."

"ஏன்?"

"நார்மல்னு எழுதினா, முதல்ல எழுதினது நோய்தான், இப்போ சரியாயிடுச்சுன்னு ஆகும். அது என் கோப்புல காலத்துக்கும் கிடக்கும். அதே வார்த்தையை எழுதுங்க. எந்த அர்த்தம்னு கீழ எழுதுங்க. என்னைப் பத்தி நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நான் எதுக்கு மாத்திக்கணும்?"

அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்து எழுதினார். 'மென்டலி அக்யூட்' அப்படியே. அதன் கீழே, தமிழில், குண்டு குண்டு எழுத்தில்: 'அதாவது, இவர் மிகக் கூர்மையான அறிவுடையவர். எந்த மனநோயும் இல்லை. உயரத்தில் பணி செய்யத் தகுதியானவர்.' கையெழுத்து, முத்திரை, தன் போன் நம்பர்.

உறையை ஒட்டப் போனார். "ஒட்டாதீங்க" என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

சூப்பர்வைசர் புதுக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். மூன்று பேர் குழு கூடித்தான் முடிவு செய்ய முடியுமாம். வியாழக்கிழமை. நான் இரண்டு கேட்டேன்: என்னை மேலே அனுப்ப வேண்டும், இவரிடம் போனில் கேட்டு எழுதிய வரியை அடிக்க வேண்டும். "முதலாவது கிடைச்சா போதாதாம்மா?" என்றார். போதாது.

மார்ச் 24, திங்கள்

ஹெல்மெட் அறைக்கு எழுத்தர் வந்தார். வந்து நின்றுகொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரத்துக்கு, நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஹெல்மெட்களைத் துடைத்து அடுக்கினேன்.

"அக்கா, நான் வேணும்னு எழுதல."

"வேணும்னு எழுதினா மன்னிச்சுடலாம். தெரியாம எழுதி, கேக்காமலும் விட்டீங்களே. ஒரு அகராதி இல்லையா இந்த ஆபீஸ்ல?"

"அந்த வார்த்தை எனக்குத் தெரியும்னு நினைச்சேன்க்கா." அடுக்கிய ஹெல்மெட் ஒன்றைத் தொட்டுத் திருப்பி வைத்தார். "எங்கப்பாவை ஆஸ்பத்திரில சேர்த்தப்ப சீட்டுல அதைத்தான் எழுதினாங்க. அக்யூட்னு. கிட்னி. என்னன்னு கேட்டேன், ரொம்பக் கடுமைன்னாங்க. நாலாவது நாள் போயிட்டாரு. அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

துடைத்துக்கொண்டிருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தேன். என் கடிதத்தைப் பிரித்தபோது அவர் முகம் ஏன் அப்படி வாடியது, ஏன் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார் என்று இப்போது புரிகிறது. நான் சாகப் போகிறேன் என்று நினைத்திருக்கிறார் பாவம்.

"எப்போ தம்பி?"

"ஒன்றரை வருஷம் ஆச்சு."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். என் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் கிளம்பும்போது சொன்னேன்: "எனக்கு உங்க மேல இப்போ கோவம் இல்ல. ஆனா கோப்பை மாத்தணும். அது வேற, இது வேற."

"மாத்தணும்க்கா. வியாழக்கிழமை நானே சொல்றேன்."

மார்ச் 25, செவ்வாய்

இவரோடு பேசினேன். வியாழக்கிழமை பற்றிச் சொன்னேன். "நான் வரட்டுமா?" என்றார். "எதுக்கு? உறுதி செய்யவா?" என்றேன். குத்தியது எனக்கே தெரிந்தது. அவர் துணிகளை மடித்துக்கொண்டே இருந்தார், மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தார்.

மார்ச் 27, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், கம்பெனி டாக்டர், சூப்பர்வைசர். இந்தப் பக்கம் நான். ஓரத்தில் எழுத்தர். கம்பெனி டாக்டர் வயதானவர், இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வார்த்தைக்கா இவ்வளவு ரகளை?"

"ஒரு வார்த்தைக்குத்தான் சார் என்னை இறக்கினாங்க."

எழுத்தர் எழுந்து நின்றார். "கடுமைன்னு எழுதினது என் தப்பு சார். டாக்டரையோ அக்காவையோ கேட்டிருக்கணும்" என்றார். தன் அப்பாவைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மேனேஜர் இரண்டாவது வரிக்கு வந்தார். "வீட்டுக்காரரே சொல்லியிருக்காரே, கோவப்படறாங்கன்னு. அதை எப்படிம்மா அடிக்கறது?"

அப்போது கதவு திறந்தது. இவர். பள்ளிக்கூடத்து நீலக் கோட்டோடு, அப்படியே வந்திருக்கிறார். நான் கூப்பிடவில்லை. மூச்சு வாங்கியது.

"அதைச் சொன்னது நான்தான் சார். நான் சொன்னது நோயைப் பத்தி இல்ல, குணத்தைப் பத்தி. இருபத்தெட்டு வருஷமா இப்படித்தான் இருக்கா. எனக்கு அவ மேல ஏறறது பயம். அந்தப் பயத்துல, கேட்டதுக்கெல்லாம் ஆமான்னுட்டேன். யாருக்காவது வைத்தியம் பண்ணணும்னா எனக்குப் பண்ணுங்க."

கம்பெனி டாக்டர்தான் முதலில் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

"எனக்குக் கோவம் வரும் சார். இனிமேலும் வரும். மேல கேபின்ல உக்காந்தா பெட்டியும் கயிறும் கீழ நிக்கற ஆளும் மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துல என் பெட்டிக்குக் கீழ ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழல. அதைக் கோப்புல தேடிப் பாருங்க. அதையும் யாராவது எழுதியிருக்கணுமே."

சூப்பர்வைசர் தலை குனிந்து கோப்பைப் புரட்டினார். எழுதியிருக்கவில்லை.

வெளியே வந்து இவரும் நானும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். "பள்ளிக்கூடத்துல சொல்லிட்டு வந்தீங்களா?" என்றேன். இல்லையாம். கோட்டுப் பாக்கெட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது, அவசரத்தில் அதையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

மார்ச் 31, திங்கள்

இன்னும் முடிவு வரவில்லை. ஐம்பத்தாறு ஹெல்மெட்.

ஏப்ரல் 3, வியாழன்

வந்துவிட்டது.

புதுப் படிவம். பார்வை, செவி, சமநிலை: சரி. மனநிலை: கூர்மை. உயரத்தில் பணி: செய்யலாம். பழைய படிவத்தில் கணவர் வரியின் மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் மேனேஜரின் கையெழுத்து. "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்கக்கா" என்றார் எழுத்தர். எழுத்தெழுத்தாகப் படித்தேன். அவர் காத்திருந்தார்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பரவாயில்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஏறினேன். முதல் ஒரு மணி நேரம் கை கொஞ்சம் முரண்டு பிடித்தது. அப்புறம் இல்லை. கீழே விசில் சீட்டியடித்தது வாக்கி-டாக்கியிலேயே கேட்டது.

இவர் காலையில் வாசல்வரை வந்து நின்றார். பயம் போகவில்லை, முகத்திலேயே இருந்தது. அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 9, புதன்

பெரிய கப்பல். மாலைக்குள் இறக்கி அனுப்ப வேண்டும் என்று எல்லோரும் பறந்தார்கள். இரண்டு மணி வாக்கில் காற்று திரும்பியது. காற்று மீட்டரில் நிறுத்த வேண்டிய எல்லைக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் பெட்டி ஆடி அடங்கும் நேரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. மூன்று பெட்டி பார்த்தேன். நாலாவதைத் தூக்கவில்லை.

"மூணாம் நம்பர் நிறுத்துது" என்றேன் வாக்கி-டாக்கியில்.

இரைச்சலுக்கு நடுவே சூப்பர்வைசர் குரல்: "மூணாம் நம்பர்ல யாரு?"

"நான்தான் சார்."

"சரி." அப்புறம் மற்றவர்களுக்கு: "எல்லாக் கிரேனும் நிறுத்துங்க. ஆளுங்களை உள்ள கூப்பிடுங்க."

ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நின்றன. ஏன் என்று அவர் என்னைக் கேட்கவில்லை.